அச்சில் வரும் கோட்டு நிறம்: ஆட்டோகேட் பிளாட் ஸ்டைல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணினியில் வரைபடம் வரையும் மென்பொருளான ஆட்டோகேடில், திரையில் வரைந்த கோட்டின் நிறம் தாளுக்குப் போய்ச் சேர்வதற்குள் மூன்று இடங்களில் மாறலாம்: ஆப்ஜெக்ட்டுக்கு (வரைந்த கோடு, எழுத்து போன்ற ஒவ்வொன்றுக்கும்) கொடுத்த நிறத்தில், பிளாட் ஸ்டைல் டேபிளில் (எந்த நிறம் தாளில் எப்படி விழ வேண்டும் என்று சொல்லும் அட்டவணை), பிரிண்டர் டிரைவரில் (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்). கீழே உள்ள சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த மூன்றில் எங்கே கோளாறு என்று தெரியாமல் வேறு இடத்தில் தேடுவதால் நீள்பவை. கட்டளைப் பெயர்களை உச்சரிப்பின்படி தமிழில் கொடுத்திருக்கிறோம். கமாண்ட் லைனில் ஆங்கில எழுத்துகளில், இடைவெளி விடாமல் டைப் செய்யவும்.

திரையில் ஒரு நிறம், தாளில் வேறு நிறம் ஏன்?

இது பேனா பிளாட்டர் காலத்து வழக்கம். அந்த இயந்திரத்தில் வரிசையாகப் பேனாக்கள் செருகியிருக்கும். திரையில் நிறம் 1 என்றால் முதல் பேனா, நிறம் 2 என்றால் இரண்டாவது பேனா என்று ஒதுக்கிவிடுவார்கள். அந்தப் பேனாவில் என்ன மை, எவ்வளவு தடித்த முனை என்பதுதான் தாளில் விழும். ஆக, திரையின் சிவப்பு என்பது சிவப்பு மை அல்ல, ஒரு எண். பேனா பிளாட்டர் போய்விட்டது, அந்த எண் கணக்கு மட்டும் தங்கிவிட்டது. ஆட்டோகேட் 2000 பதிப்பில் அது சிடிபி, எஸ்டிபி என்ற பிளாட் ஸ்டைல் ஃபைல்களாக மாறியது. அதற்கு முன் பிசிபி, பிசி2 ஃபைல்கள் இருந்தன.

சிடிபி, எஸ்டிபி: இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

சிடிபி நிறத்தைப் பார்த்து முடிவெடுக்கும். அதற்குள் 255 ஸ்டைல்கள் இருக்கும், ஆட்டோகேட் வண்ண அட்டவணையின் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒன்று. கூட்டவும் முடியாது, நீக்கவும் முடியாது. உள்ளே இருப்பதை மாற்றலாம், அவ்வளவே.

எஸ்டிபி பெயரைப் பார்த்து முடிவெடுக்கும். “தடித்த கறுப்பு”, “வெளிர் சாம்பல்” என்று வேண்டிய ஸ்டைல்களை நீங்களே உருவாக்கி லேயருக்கோ (கோடுகளை வகை பிரித்து வைக்கும் அடுக்கு) தனி ஆப்ஜெக்ட்டுக்கோ கொடுக்கலாம். திரையில் அது எந்த நிறமாக இருந்தாலும் அச்சுக்குக் கவலையில்லை. “நார்மல்” என்ற ஸ்டைல் மட்டும் எப்போதும் இருக்கும், அதை மாற்ற முடியாது.

கொள்கையளவில் எஸ்டிபிதான் சுத்தமான முறை. ஆனால் வெளியிலிருந்து வரும் டிராயிங்குகள் பெரும்பாலும் சிடிபியில் இருக்கும். ஒரே குழுவுக்குள் இரண்டையும் கலந்து வைத்தால் தினமும் குழப்பம். புதிதாகத் தொடங்கும் குழு, யாரிடமும் ஃபைல் வாங்க வேண்டிய தேவை இல்லையென்றால் எஸ்டிபிக்குப் போகலாம். மற்றவர்கள் சிடிபியிலேயே இருப்பது நல்லது. கீழே உள்ள பதில்கள் சிடிபியை வைத்தே எழுதப்பட்டவை.

என் டிராயிங் எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பிஸ்டைல்மோட் என்று டைப் செய்யுங்கள். 1 என்று வந்தால் சிடிபி, 0 என்று வந்தால் எஸ்டிபி. இது பார்க்க மட்டுமே. இங்கே எண்ணை மாற்ற முடியாது. பிளாட் விண்டோவின் ஸ்டைல் பட்டியலில் உங்கள் சிடிபி ஃபைல் தென்படவே இல்லையென்றால், ஃபைல் தொலைந்துவிட்டது என்று தேடுவதற்கு முன் இதைப் பாருங்கள். எஸ்டிபி டிராயிங்கில் சிடிபி ஃபைல்கள் பட்டியலில் வராது.

எல்லாக் கோடுகளும் கறுப்பாக வர வேண்டும். என்ன செய்வது?

பிளாட் கட்டளையைக் கொடுங்கள். விண்டோவின் வலப்பக்கம் மூடியிருந்தால் கீழ் மூலையில் உள்ள அம்புக்குறியை அழுத்தி விரியுங்கள். பிளாட் ஸ்டைல் டேபிள் பட்டியலில் மோனோக்ரோம்.சிடிபியை (எல்லா நிறத்தையும் கறுப்பாக்கும் ஃபைல்) தேர்ந்தெடுங்கள். அதற்குக் கீழே “பிளாட் வித் பிளாட் ஸ்டைல்ஸ்” டிக் ஆகியிருக்க வேண்டும். அது இல்லையென்றால் மேலே எந்த டேபிள் தேர்ந்தெடுத்திருந்தாலும் பயனில்லை. பிறகு “அப்ளை டு லேஅவுட்” அழுத்துங்கள் (லேஅவுட் என்பது அச்சிடப் போகும் தாளின் அமைப்பு). இதை விட்டுவிட்டு கேன்சல் செய்தால் தேர்வு சேமிக்கப்படாது, அடுத்த முறை பழையபடி கலரில் வந்து நிற்கும்.

அச்சுக்கு முன்பே திரையில் பார்க்க, பேஜ் செட்டப்பில் “டிஸ்பிளே பிளாட் ஸ்டைல்ஸ்” டிக் செய்து ரீஜென்ஆல் கொடுங்கள். லேஅவுட் முழுக்கக் கறுப்பாக மாறும். எது மாறவில்லையோ அதுதான் அடுத்த கேள்வியின் குற்றவாளி.

மோனோக்ரோம் கொடுத்தும் சில கோடுகள் கலரிலேயே வருகின்றன. ஏன்?

அடிக்கடி வரும் கேள்வி இதுதான். வாய்ப்பு அதிகம் உள்ள காரணத்திலிருந்து வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் ட்ரூ கலர். சிடிபிக்குத் தெரிந்தது 1 முதல் 255 வரையான எண்கள் மட்டும். ஆட்டோகேட் 2004 முதல் ஆப்ஜெக்ட்டுக்கு ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீல அளவு) மதிப்பையோ கலர் புத்தகத்திலிருந்து ஒரு நிறத்தையோ கொடுக்க முடியும். அப்படிக் கொடுத்த நிறத்துக்கு சிடிபியில் இடமே கிடையாது, அது தன் நிறத்திலேயே அச்சாகும். லேயர் பலகையின் நிறப் பத்தியைப் பாருங்கள். “சிவப்பு” என்றோ “34” என்றோ இருந்தால் அட்டவணை நிறம். “255,0,0” என்று கமா போட்டு மூன்று எண்கள் இருந்தால் ட்ரூ கலர். இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தெரியும், அதனால்தான் இது இவ்வளவு பேரை ஏமாற்றுகிறது. அந்த லேயருக்கு இன்டெக்ஸ் கலர் பகுதியிலிருந்து ஒரு நிறத்தைக் கொடுத்தால் சரியாகிவிடும்.

லேயரில் சரியாக இருந்தும் கோடு கலரில் வந்தால், நிறம் ஆப்ஜெக்ட்டிலேயே ஒட்டியிருக்கிறது. செட்பைலேயர் கட்டளையைக் கொடுத்து ஆப்ஜெக்ட்டுகளைத் தேர்ந்தெடுங்கள். பைபிளாக்கையும் (பிளாக்கின் நிறத்தையே எடுத்துக்கொள்ளும் அமைப்பு) மாற்றவா, பிளாக்குகளுக்கு (ஒரே தொகுப்பாகச் சேர்த்த வரைபடத் துண்டுகள்) உள்ளேயும் போகவா என்று இரண்டு கேள்விகள் கேட்கும். பிளாக்குக்குள் இருக்கும் கோடுதான் பிரச்சினை என்றால் இரண்டாவதற்கு ஆம் சொல்ல வேண்டும். பைபிளாக்கை வேண்டுமென்றே பயன்படுத்தியிருக்கும் நூலகப் பிளாக்குகள் இருந்தால் முதல் கேள்விக்கு இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

டைமென்ஷன் (அளவுக் குறிப்பு) எழுத்து மட்டும் கலரில் வந்தால் டைமென்ஷன் ஸ்டைலைத் திறந்து கோடு, நீட்டிப்புக் கோடு, எழுத்து மூன்றின் நிறத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். எம்டெக்ஸ்ட்டில் (பல வரி எழுத்து) ஒரு சொல் மட்டும் கலரில் வந்தால், எழுத்துக்கு உள்ளேயே நிறம் ஏறியிருக்கிறது, பொதுவாக வேறு இடத்திலிருந்து காப்பி செய்து ஒட்டியதால். எடிட்டரில் அதைத் தேர்ந்தெடுத்து ஃபார்மேட்டிங்கை நீக்குங்கள்.

அடுத்தது வியூபோர்ட், அதாவது தாளில் வரைபடத்தைக் காட்டும் சட்டம். அதன் விஷுவல் ஸ்டைல் 2டி வயர்ஃபிரேமில் இல்லாமல் ஷேடட், ரியலிஸ்டிக் என்று ஏதாவது ஒன்றில் இருந்தால் பிளாட் ஸ்டைல் வேலை செய்யாது. வியூபோர்ட் சட்டத்தைத் தேர்ந்தெடுத்து, பிராப்பர்ட்டீஸில் விஷுவல் ஸ்டைலையும் ஷேட் பிளாட்டையும் பாருங்கள்.

கடைசியாக, கோடே அல்லாதவை. ஸ்கேன் செய்த படம், ஒட்டிய எக்செல் டேபிள், லோகோ ஆகியவற்றை சிடிபி தொடாது. இவற்றைக் கறுப்பு வெள்ளையாக்க வேண்டுமென்றால் படத்தையே மாற்ற வேண்டும், இல்லையென்றால் பிரிண்டர் டிரைவரில் பார்த்துக்கொள்ள வேண்டும். அண்டர்லேயாக (அடியில் வைக்கும் பின்னணியாக) இணைத்த பிடிஎஃப்புக்கு மட்டும் பிராப்பர்ட்டீஸில் “மோனோக்ரோம்” என்று ஒரு தேர்வு உண்டு. அதை யெஸ் ஆக்கினால் போதும்.

எல்லாம் கறுப்பு, ஆனால் திருத்தக் குறிகளும் குழாய்களும் மட்டும் கலரில் வேண்டும். முடியுமா?

முடியும். அதற்குச் சொந்தமாக ஒரு சிடிபி வேண்டும். மோனோக்ரோம்.சிடிபியைத் திறந்து அதிலேயே மாற்றிவிடாதீர்கள். அதே பெயரில் எல்லாக் கணினியிலும் ஒரு ஃபைல் இருக்கிறது. நீங்கள் மாற்றியதும் அடுத்தவரிடம் இருப்பதும் பெயரால் ஒன்று, உள்ளடக்கத்தால் வேறு என்றாகிவிட்டால், ஒரே டிராயிங் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக வரும்.

ஸ்டைல்ஸ்மேனேஜர் கட்டளை பிளாட் ஸ்டைல் ஃபோல்டரைத் திறக்கும். மோனோக்ரோம்.சிடிபியை அங்கேயே காப்பி செய்து வேறு பெயர் கொடுத்து, இரட்டைக் கிளிக் செய்யுங்கள். எடிட்டரில் ஃபார்ம் வியூ பகுதிக்குப் போங்கள். இடப்பக்கம் 255 நிறங்கள், வலப்பக்கம் அவற்றின் பண்புகள். கலரில் வர வேண்டிய எண்ணைத் தேர்ந்தெடுத்து, கலர் என்ற இடத்தில் கறுப்பை எடுத்துவிட்டு “யூஸ் ஆப்ஜெக்ட் கலர்” கொடுங்கள். பல எண்களை ஒரே நேரத்தில் மாற்ற கன்ட்ரோல் அல்லது ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு தேர்ந்தெடுக்கலாம். “சேவ் அண்ட் க்ளோஸ்”. நோட்பேடில் திறந்து திருத்தலாம் என்று நினைக்க வேண்டாம். உள்ளே சுருக்கப்பட்ட தரவு, குப்பையாகத்தான் தெரியும்.

எந்த எண்களை ஒதுக்குவது என்பதில்தான் சாமர்த்தியம். வண்ண அட்டவணையில் சில நிறங்கள் இரட்டைப் பிறவிகள். 1, 10 இரண்டும் திரையில் ஒரே சிவப்பு. அதேபோல 2க்கு 50, 3க்கு 90, 4க்கு 130, 5க்கு 170, 6க்கு 210. ஆகவே 1 முதல் 6 வரை கறுப்பாக அச்சாகட்டும் என்று விட்டுவிட்டு 10, 50, 90, 130, 170, 210 ஆறையும் ஆப்ஜெக்ட் கலருக்கு மாற்றிவிடுங்கள். சுவர் லேயர் நிறம் 1, தீயணைப்புக் குழாய் லேயர் நிறம் 10: திரையில் இரண்டும் சிவப்பு, தாளில் ஒன்று கறுப்பு, ஒன்று சிவப்பு. இந்த விதியை டெம்ப்ளேட்டில் எங்காவது எழுதி வையுங்கள். தெரியாதவர் 10ஐ அலங்காரத்துக்குப் பயன்படுத்திவிடுவார்.

ட்ரூ கலர் கொடுத்தால் சிடிபியைத் தாண்டிக் கலரில் வந்துவிடுமே, அதையே பயன்படுத்தலாமா என்று சிலர் கேட்பதுண்டு. லோகோ மாதிரி ஒரு துல்லியமான நிறம் தேவைப்படும் இடத்தில் சரி. கோடுகளுக்கு வேண்டாம். நாளை அதைக் கறுப்பாக அச்சிடச் சொன்னால் டேபிளில் ஒரு மாற்றம் செய்து தப்பிக்க வழியிருக்காது.

மோனோக்ரோமில் சாம்பல் நிற ஹேட்ச் (பரப்பை நிரப்பும் கோடுகள் அல்லது நிறம்) முழுக் கறுப்பாகிவிடுகிறது.

மோனோக்ரோம் எல்லா எண்ணையும் கறுப்பாக்குகிறது. வெளிர், அடர் என்ற பேதம் அதற்குக் கிடையாது. சாம்பல் வேண்டிய எண்களை உங்கள் சிடிபியில் விலக்கி வைக்க வேண்டும். வழக்கமாக 8, 9, பிறகு 250 முதல் 254 வரை. இதற்கு இரண்டு வழிகள். யூஸ் ஆப்ஜெக்ட் கலர் கொடுத்தால் திரையில் தெரியும் சாம்பலே தாளில் வரும். அல்லது நிறம் கறுப்பாகவே இருக்கட்டும் என்று விட்டு, ஸ்கிரீனிங் மதிப்பைக் குறைக்கலாம். 100 என்றால் முழு அடர்த்தி, 0 என்றால் வெள்ளை. பின்னணியாகத் தெரிய வேண்டிய கோடுகளுக்கு 50இல் தொடங்கி, சோதனை அச்சு எடுத்துப் பார்த்து ஏற்றி இறக்குங்கள்.

ஸ்கிரீனிங்கை மாற்றியும் எதுவும் நடக்கவில்லையா? அதே எண்ணின் டிதர் (புள்ளிகளைத் தூவி நிறத்தைக் காட்டும் முறை) ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். டிதர் இல்லாமல் ஸ்கிரீனிங் வேலை செய்யாது.

கிரேஸ்கேல்.சிடிபி இதற்கு மாற்று அல்ல. அது ஒவ்வொரு நிறத்தின் வெளிச்சத்துக்கேற்பச் சாம்பலாக்கும். மஞ்சள் கோடு கண்ணுக்கே தெரியாத வெளிர் சாம்பலாகவும், நீலக் கோடு அடர் சாம்பலாகவும் வரும். எது முக்கியமான கோடு என்பது அதற்குத் தெரியாது.

கறுப்பாக வர வேண்டிய மெல்லிய கோடுகள் சாம்பலாக, விட்டு விட்டு வருகின்றன.

டிதர் ஆன் ஆகியிருந்தால் பிரிண்டர் புள்ளிகளைத் தூவி நிறத்தைக் காட்ட முயலும். பரப்புக்கு அது நல்லது. மெல்லிய கோட்டில் புள்ளிகள் இடைவெளி விட்டு விழுந்து, புள்ளிக்கோடு போலாகிவிடும். கோட்டு நிறங்களுக்கு டிதரை ஆஃப் செய்யுங்கள், ஸ்கிரீனிங் செய்யும் நிறங்களுக்கு மட்டும் ஆன்.

அது காரணமில்லை என்றால் டிரைவருக்குப் போங்கள். டிரைவரில் “கிரேஸ்கேல்” இருந்தால் ஆட்டோகேட் அனுப்பிய கறுப்பை விட்டுவிட்டு மற்றதெல்லாம் சாம்பலாகும். டோனர் சேமிப்பு, டிராஃப்ட் தரம் இரண்டும் கோட்டை வெளிறச் செய்யும். இன்க்ஜெட்டில் கறுப்பு லேசாகப் பழுப்படித்தால், மூன்று வண்ண மைகளைக் கலந்து கறுப்பு உண்டாக்குகிறது என்று பொருள். கறுப்பு மை மட்டும் என்ற தேர்வு இருந்தால் அதைக் கொடுங்கள்.

டிரைவரா, ஆட்டோகேடா என்று பிரித்தறிய எளிய வழி: அதே லேஅவுட்டை முதலில் பிரிண்டர் பட்டியலில் உள்ள டிடபிள்யூஜி டு பிடிஎஃப் மூலம் பிடிஎஃப் ஆக்குங்கள். பிடிஎஃப்பில் கோடு சரியான கறுப்பாக இருந்தால் ஆட்டோகேடில் தவறில்லை.

மஞ்சள் கோடு தாளில் தெரிவதே இல்லை. வெள்ளைக் கோடும் காணவில்லை.

மஞ்சள், சயான் போன்றவை கறுப்புத் திரைக்கு ஏற்ற நிறங்கள். ஆட்டோகேடோடு வரும் ஆகேட்.சிடிபியில் அவை அப்படியே கலரில் போகும், வெள்ளைத் தாளில் மங்கிவிடும். கலர் பிரிண்ட் எடுத்தாக வேண்டும் என்றால் உங்கள் சிடிபியில் அந்த எண்ணுக்கு அடர்ந்த ஒரு நிறத்தைக் கொடுங்கள்.

வெள்ளையில் மூன்று வகை உண்டு. நிறம் 7 கறுப்புத் திரையில் வெள்ளையாகத் தெரிந்தாலும் தாளில் கறுப்பாகவே வரும். 255 நிஜ வெள்ளை. ஆப்ஜெக்ட் கலரில் அச்சிட்டால் காணாமல் போகும். 255,255,255 என்ற ட்ரூ கலரும் காணாமல் போகும், அதுவும் மோனோக்ரோம் கொடுத்தாலும். ஒரு பரப்பை மறைப்பதற்காக இதை சாலிட் ஹேட்ச்சில் வேண்டுமென்றே பயன்படுத்துபவர்கள் உண்டு. அச்சிலேயே வரக் கூடாத கோட்டை வெள்ளையாக்கி ஒளிப்பது மட்டும் வேண்டாம், அது அடியில் இருக்கும் கோட்டையும் சேர்த்து அழித்துவிடும். அதற்கு லேயரின் பிரிண்டர் ஐகானை அணைத்தால் போதும்.

வைப்அவுட் (அடியில் உள்ளதை மறைக்கும் பரப்பு) போட்ட இடத்தில் அடியில் உள்ள கோடுகள் அச்சில் தெரிகின்றன.

பிளாட்டர் அமைப்பில் மெர்ஜ் கன்ட்ரோல் “லைன்ஸ் மெர்ஜ்” என்று இருக்கிறது. அதில் ஒன்றன் மேல் ஒன்றாக வரும் நிறங்கள் கலந்துவிடும். பிளாட் விண்டோவில் பிரிண்டர் பெயருக்குப் பக்கத்தில் பிராப்பர்ட்டீஸ், அதில் கிராஃபிக்ஸ், மெர்ஜ் கன்ட்ரோல்: “லைன்ஸ் ஓவர்ரைட்” ஆக்குங்கள். மாற்றத்தை பிசி3 ஃபைலில் (பிளாட்டர் அமைப்பைச் சேமிக்கும் ஃபைல்) சேமிக்கவா என்று கேட்கும். சேமித்தால்தான் அடுத்த முறையும் நிற்கும். எல்லா டிரைவரிலும் இந்தத் தேர்வு இருக்காது.

கோட்டுத் தடிமனும் சிடிபியில்தானா?

இரண்டு இடத்திலும் வைக்கலாம், ஒரே இடத்தில் வைப்பதுதான் நல்லது. சிடிபியில் அந்த எண்ணின் லைன்வெயிட் “யூஸ் ஆப்ஜெக்ட் லைன்வெயிட்” என்றிருந்தால் லேயரில் கொடுத்த தடிமன் வரும். 0.35 என்று ஒரு மதிப்பு இருந்தால் லேயரில் என்ன கொடுத்தாலும் 0.35 மிமீதான். மோனோக்ரோமில் முதல் வகை. நிறத்துக்கு மட்டும் சிடிபி, தடிமனுக்கு லேயர் என்று பிரித்துக்கொண்டால் பின்னால் தலைவலி குறைவு. 0.13, 0.18, 0.25, 0.35, 0.5, 0.7 என்ற வரிசையில் மூன்று நான்கு தடிமன்கள் ஒரு டிராயிங்குக்குப் போதும்.

ஒரே லேயர், ஒரு வியூபோர்ட்டில் கறுப்பு, இன்னொன்றில் வெளிர் சாம்பல்: சிடிபியில் முடியுமா?

சிடிபி தாள் முழுவதற்கும் ஒன்றுதான். ஆனால் வியூபோர்ட்டுக்குள் இரட்டைக் கிளிக் செய்து நுழைந்து, லேயர் பலகையில் “விபி கலர்” பத்தியில் நிறத்தை மாற்றினால் அந்த வியூபோர்ட்டில் மட்டும் மாறும். மின்னிணைப்பு வரைபடத்தில் சுவர் லேயர்களுக்கு விபி கலர் 8 கொடுங்கள். உங்கள் சிடிபியில் 8 சாம்பலாக இருக்க வேண்டும். சுவர் பின்னுக்குப் போய் ஒயர்கள் முன்னே தெரியும். எக்ஸ்ரெஃப் (வெளியிலிருந்து இணைத்த டிராயிங்) லேயர்களுக்கும் இது பொருந்தும். எக்ஸ்ரெஃப் திரையில் மங்கலாகத் தெரிவதை நம்பிவிடாதீர்கள், அந்த மங்கல் திரைக்கு மட்டும். அச்சில் முழு அடர்த்தியில் வரும்.

இன்னொருவர் திறந்தால் எல்லாம் கலரில் வருகிறது.

டிராயிங்குக்குள் சிடிபியின் பெயர் மட்டுமே இருக்கும், ஃபைல் இருக்காது. அவர் கணினியில் அந்த ஃபைல் இல்லையென்றால் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் “மிஸ்ஸிங்” என்று காட்டும். அனுப்பும்போது ஈட்ரான்ஸ்மிட் (டிராயிங்கையும் அதற்குத் தேவையான ஃபைல்களையும் ஒன்றாகக் கட்டும் கட்டளை) பயன்படுத்தி, பிளாட் ஸ்டைலையும் சேர்க்கும் தேர்வை ஆன் செய்யுங்கள். பெறுபவர் அதைத் தன் பிளாட் ஸ்டைல் ஃபோல்டரில் போட வேண்டும். குழுவாக வேலை செய்பவர்கள் சர்வரில் ஒரு ஃபோல்டரை வைத்து, ஆப்ஷன்ஸ், ஃபைல்ஸ், பிரிண்டர் சப்போர்ட் ஃபைல் பாத் என்ற வரிசையில் போய் பிளாட் ஸ்டைல் டேபிள் தேடும் பாதையாக அதைக் கொடுத்துவிடலாம். அதற்குப் பின் ஒரு சிடிபியில் செய்யும் மாற்றம் அதைப் பயன்படுத்தும் எல்லா டிராயிங்கையும் பாதிக்கும், பழையவற்றையும்தான். முடிந்த வேலைக்கு உரிய சிடிபியைத் தனிப் பெயரில் காப்பி எடுத்து வையுங்கள்.

நாற்பது லேஅவுட்டிலும் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டுமா?

வேண்டாம். ஒரு லேஅவுட்டில் பேஜ் செட்டப்பை எல்லாம் சரியாக அமைத்துப் பெயர் கொடுத்துச் சேமியுங்கள். பிசெட்டப்இன் கட்டளையால் அதை மற்ற டிராயிங்குகளுக்குக் கொண்டுவரலாம். பப்ளிஷ் விண்டோவில் எல்லா ஷீட்டுகளையும் தேர்ந்தெடுத்து, அந்தப் பேஜ் செட்டப்பை ஒரே முறையில் ஏற்றலாம்.

எஸ்டிபி டிராயிங்கை சிடிபியாக மாற்ற?

கன்வெர்ட்பிஸ்டைல்ஸ். பெயர் ஸ்டைல்கள் போய்விடும் என்று எச்சரிக்கும், போய்த்தான் விடும். ஆகவே முதலில் ஒரு காப்பி. எதிர்த்திசையில் போக, முன்னதாக கன்வெர்ட்சிடிபி மூலம் உங்கள் சிடிபியிலிருந்து ஒரு எஸ்டிபி தயாரித்துக்கொள்ள வேண்டும். பிறகு அதே கன்வெர்ட்பிஸ்டைல்ஸ்.

ஆட்டோகேட் அல்லாத மென்பொருள்களில்?

பிரிக்ஸ்கேட், இசட்டபிள்யூகேட், ஜிஸ்டார்கேட், டிராஃப்ட்சைட் ஆகியவை சிடிபி ஃபைல்களைப் பயன்படுத்தும். மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி மெனுப் பெயர் மாற்றத்தோடு அங்கேயும் பொருந்தும். ரெவிட்டில் எண் கணக்கே இல்லை. பிரிண்ட் செட்டப்பில் கலர், கிரேஸ்கேல், பிளாக் லைன்ஸ் என்ற மூன்றில் ஒன்று. வெளிறச் செய்ய ஹாஃப்டோன். சாலிட்ஒர்க்ஸ் டிராயிங்கில் பேஜ் செட்டப்பிலேயே கறுப்பு வெள்ளைத் தேர்வு இருக்கிறது. லிப்ரேகேடில் பிரிண்ட் பிரிவ்யூவில் கறுப்பு வெள்ளைப் பொத்தான் ஒன்றுதான். சில கோடுகள் மட்டும் கலரில் வேண்டும் என்றால் அந்தப் பொத்தானை விட்டுவிட்டு, மற்ற லேயர்களின் நிறத்தையே கறுப்பாக்கித்தான் அச்சிட வேண்டும்.